ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு எந்த டயர், எந்த ரிம்?

ஒரே மாதத்தில் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்துவிட்டார்கள். முதலில் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி. தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் பல வருஷமாகக் கொட்டகையில் நின்றதாம். இன்ஜினை உயிர்ப்பித்துவிட்டார். நாலு டயரும் வெடித்துக் கிடக்கின்றன. டயர் கடைக்காரர், "பழைய ரிம்மைத் தூக்கிப் போடுங்க தம்பி, 14 இன்ச் அலாய் மாட்டிடலாம்" என்றிருக்கிறார். அடுத்தவர் ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்பவர். மாதம் இரண்டு தடவை ஹெரால்டிலேயே பெங்களூரு போய் வருகிறார், கொஞ்சம் அகலமான டயர் போட்டால் நெடுஞ்சாலையில் நன்றாக நிற்குமா என்று கேட்கிறார். மூன்றாமவர் ஆற்காட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர். பொங்கலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும்தான் அவர் வண்டி வெளியே வரும். வண்டி ஷோரூமிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பேருக்கும் பதில் வேறு வேறு. எதை வைத்து அந்தப் பதிலுக்கு வந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். காரணம் தெரிந்துவிட்டால், நான் சொல்லாத ஒரு அளவைக் கடைக்காரர் நீட்டினாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

## வண்டியைப் பற்றி முதலில்

ஹெரால்டு நம் பக்கத்து வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைச் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1961 முதல் தயாரித்தது. 948 சிசி இன்ஜின், எடை சுமார் 800 கிலோ. அதற்கு வந்த சக்கரம் 13 இன்ச், மூன்றரை இன்ச் அகல ரிம், அதன்மேல் 5.20-13 டயர். இன்றைய கார்களோடு பார்த்தால் சைக்கிள் சக்கரம் மாதிரி மெல்லிசாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் அகலமாக்கிவிடலாமே என்று தோன்றுகிறது.

அகலமாக்கும் முன் இந்த வண்டியின் மூன்று குணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, முன்சக்கரம் திரும்பும் அளவு. 25 அடி வட்டத்துக்குள் ஹெரால்டு முழுதாகத் திரும்பிவிடும். வேலூர் லாங்கு பஜாரில் எதிரே தள்ளுவண்டி, பின்னால் ஆட்டோ என்று மாட்டிக்கொண்டு, ஒரே ஒடிப்பில் வண்டியைத் திருப்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும். சக்கரம் அவ்வளவு தூரம் மடங்குவதால், முழு ஒடிப்பில் டயரின் உள்பக்கம் சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, மிக அருகில் வந்து நிற்கும். டயர் அகலமானால் முதலில் போவது இந்த இடைவெளி.

இரண்டு, பின் ஆக்சில். மற்ற பழைய கார்களில் இருப்பதுபோல இரு சக்கரத்தையும் ஒரே கட்டையாக இணைக்கும் ஆக்சில் இதில் கிடையாது. இரு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டிப் பக்கத்துக்கு ஒரு மூட்டு, அதிலிருந்து அரை ஆக்சில் தொங்கி ஆடும். மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். ஸ்விங் ஆக்சில் என்பார்கள். சக்கரம் மேலும் கீழும் போகும்போது நேராகப் போகாது, மூட்டை மையமாக வைத்துச் சாய்ந்தபடி போகும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் கால் உள்பக்கம் மடங்கும்.

மூன்று, முன்பக்கத்து அடிமூட்டு. செங்குத்துக் கம்பியின் கீழ்முனையில் மரை இருக்கும். அது டிரனியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. வண்டியின் முன்பாரத்தைத் தாங்கித் திரும்புவது அந்த மரைதான். அதற்கு விட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடித்தே பழகிய வண்டிகளில் உள்ளே காய்ந்து, துருப்பிடித்து, ஒரு நாள் உடையும். உடைந்தால் சக்கரம் மடிந்து விழும். டயரை வெளியே தள்ளத் தள்ள அந்த மரையின் மேல் விழும் பாரமும் கூடும்.

உங்களிடம் இருப்பது அதே கம்பெனி ஹெரால்டுக்குப் பின் கொண்டுவந்த கெசல் என்றால் இரண்டாவது விஷயம் உங்களுக்கில்லை. ஹெரால்டின் பின் ஆக்சில் வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. அதனால் 1972-ல் வந்த கெசலில் கம்பெனியே சாதாரணக் கட்டை ஆக்சிலுக்கு மாறிவிட்டது. மற்ற இரண்டும் கெசலில் எப்படி என்பதை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

டயர் கடையில் "13 இன்ச்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். 13 என்பது ரிம்மின் விட்டம் மட்டும். டயர் மாட்டிய பிறகு சக்கரத்தின் மொத்த உயரம் எவ்வளவு என்பதே வண்டிக்குத் தெரியும். கணக்கு எளிது. 145/80 என்றால் டயரின் அகலம் 145 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 116. மேலே ஒரு 116, கீழே ஒரு 116, நடுவில் ரிம் 330. கூட்டினால் 562 மி.மீ.

உயரம் குறைந்தால் மூன்று கெடுதல். வண்டி தரைக்கு நெருங்கும். மீட்டர் உண்மையைவிட அதிக வேகம் காட்டும். அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்றும். 948 சிசி இன்ஜின் 70-க்கு மேல் ஏற்கெனவே சத்தம் போடுகிறது, இன்னும் கொஞ்சம் சுற்றவைத்தால் காதுக்கே தெரியும்.

| டயர் அளவு | மொத்த உயரம் (சுமார்) | மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் | தரை இடைவெளியில் இழப்பு | பொருந்தும் ரிம் அகலம் |
|---|---|---|---|---|
| 5.20-13 நைலான் | 580 மி.மீ. | 60 | இல்லை | வண்டியோடு வந்த 3.5 இன்ச் |
| 145/80 ஆர்13 | 562 | 58 | 9 மி.மீ. | 3.5 முதல் 5 |
| 155/80 ஆர்13 | 578 | 60 | 1 மி.மீ. | 4 முதல் 5.5 |
| 175/70 ஆர்13 | 575 | 59.5 | 2.5 மி.மீ. | 4.5 முதல் 6 |
| 155/65 ஆர்13 | 532 | 55 | 24 மி.மீ. | 4 முதல் 5.5 |
| 165/65 ஆர்14 | 570 | 59 | 5 மி.மீ. | 4.5 முதல் 6 |

155/65 ஆர்13 வரிசையைப் பாருங்கள். சின்னக் கார்களுக்கு நிறைய விற்ற அளவு, எந்தக் கடையிலும் சட்டென்று எடுத்து நீட்டுவார்கள், விலையும் குறைவு. ஆனால் வண்டி ஒரு இன்ச் கீழே இறங்கிவிடும். நம் ஊர்த் தெருக்களில் வீட்டுக்காரர்களே கட்டிவைத்த ஸ்பீடு பிரேக்கர்களில் சைலன்சர் உரசும். இதை வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிட்டு, மற்ற ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உயரத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியவை: ரிம் அகலத்துக்கு டயர் ஒத்துப்போகிறதா, முழு ஒடிப்பில் உரசுகிறதா, பின் ஆக்சில் சாயும்போது டயர் என்ன செய்கிறது, பேரிங்குக்கும் டிரனியனுக்கும் பாரம் கூடுகிறதா, நின்ற இடத்தில் ஸ்டியரிங் எவ்வளவு கனக்கிறது, நாளைக்கு ஒரு டயர் வெடித்தால் வேலூரில் அதே அளவு கிடைக்குமா.

## 5.20-13 நைலான் டயர்

வண்டியோடு வந்தது இதுதான். இன்றைய கார்களில் இருக்கும் ரேடியல் டயர் (அளவில் 'ஆர்' என்று வருவது) வருவதற்கு முந்தைய அமைப்பு. உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும். நம்மூரில் நைலான் டயர் என்றே பெயர்.

ஸ்விங் ஆக்சிலுக்கு இது ஒத்துப்போவதுபோல வேறெதுவும் ஒத்துப்போவதில்லை. டயரின் தோள் வட்டமாக இருப்பதால் சக்கரம் சாய்ந்தாலும் ரோட்டைத் தொடும் பரப்பு அதிகம் மாறாது. வளைவில் பிடி விடும்போதும் பட்டென்று விடாமல் மெல்ல வழுக்கி, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் விடும். நிறுத்தும்போது ஸ்டியரிங்கும் லேசு.

ஆனால் நெடுஞ்சாலையில் ரோட்டு வரிப்பள்ளம் போகிற பக்கமெல்லாம் வண்டியும் போகும், ஸ்டியரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மழையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடுதல். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிடும். காலையில் எடுத்தால் முதல் சில கிலோமீட்டருக்குத் தடதடவென்று அடித்து, சூடேறிய பிறகுதான் சரியாகும்.

மறைந்திருக்கும் செலவு வயதுதான். இந்த அளவைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கிடைத்தால், ரப்பர் பளபளப்பாக, முடி முளைத்ததுபோல் சின்னச் சின்ன ரப்பர் ஊசிகளோடு புதுசு மாதிரியே இருக்கும். நம்பிவிடாதீர்கள். இந்தக் காலத்து டயர் என்றால் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கடைசி நாலு எண்ணே இல்லையென்றால் எவ்வளவு பழசு என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்கிப் பாருங்கள், தலைமுடி அளவு வெடிப்பு தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் வேலூர் ரோட்டில் அந்த டயரோடு போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆற்காட்டு ஆசிரியருக்கு இதுதான் சரி, நல்ல வயதில் கிடைக்கும் பட்சத்தில். வருஷத்துக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர், 50 வேகம், பகல் நேரம். அவருக்கு இன்னொன்றும் உண்டு. 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண் வரிசை. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. டயர் மாற்றம் இதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆனால் அகல டயர் இடிக்கிறது என்று மட்கார்டை வெட்டினால் கைவைப்பது பாடியில். அந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள். ஆம்பூர்க்காரர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

## 145/80 ஆர்13, பழைய ரிம்மிலேயே

என் வண்டியில் இப்போது இருப்பது இதுதான். ஆறு வருஷமாக ஓட்டுகிறேன்.

மூன்றரை இன்ச் ரிம்மில் விதிப்படி உட்காரும் ரேடியல் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். ரிம்மை மாற்ற வேண்டாம், ஆஃப்செட் (சக்கரம் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவு) மாறாது, பேரிங்குக்கும் டிரனியனுக்கும் கம்பெனி கணக்குப் போட்ட பாரமே விழும். முழு ஒடிப்பில் எங்கும் தொடாது. 2022-ல் வந்த ஆல்டோ கே10-க்கு இதே அளவு என்பதால் காட்பாடியிலும் கிடைக்கும், சத்துவாச்சாரியிலும் கிடைக்கும், ராத்திரியில் வாணியம்பாடியில் வெடித்தாலும் காலையில் மாற்றிவிடலாம். நம் அரக்கோணத்துப் பக்கம் இச்சிபுத்தூரிலேயே எம்.ஆர்.எஃப் ஆலை இருக்கும்போது டயருக்காக வெளிநாட்டுக்கு எழுதிப் போடுவது எனக்கு மனசு வரவில்லை.

பாரம் தாங்குமா என்று கேட்கிறார்கள். பக்கச்சுவரில் 75 என்ற எண் இருந்தால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும் என்று அர்த்தம். வண்டி, நாலு பேர், பெட்டி எல்லாம் சேர்த்து 1,150 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் நாலு டயருக்கும் 1,548 கிலோ தாங்கும் திறன் இருக்கிறது.

குறை உயரம்தான். 18 மி.மீ. குறைவதால் தரை இடைவெளியில் 9 போகிறது, மீட்டர் இரண்டு கிலோமீட்டர் கூட்டிக் காட்டுகிறது. நாலாவது கியரில் 70-க்கு மேல் இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகக் கத்துகிறது. ஏற்றத்தில் அதுவே நன்மையாகவும் இருக்கிறது, ஏலகிரி ஏறும்போது மூன்றாவது கியரில் முன்பைவிட இழுவை நன்றாக உள்ளது. மட்கார்டுக்குள் சக்கரம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், பழைய வண்டியைக் கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும்.

செலவில் மறைந்திருப்பது டியூப். இன்றைய ரிம்களின் உள்விளிம்பில் ஒரு மேடு இருக்கும், டயர் உள்பக்கம் நழுவாமல் அதுதான் பிடிக்கும். 1960-களின் ரிம்மில் அது இல்லை. டியூப்லெஸ் டயர் என்று கடையில் சொன்னாலும், இந்த ரிம்மில் ரேடியல் டியூப் போட்டே ஓட்டுங்கள். டியூப் போடும் முன் டயரின் உள்ளே கையை விட்டுத் துழாவச் சொல்லுங்கள். கம்பெனி ஒட்டிய காகித ஸ்டிக்கர் உள்ளே இருக்கும். அதை உரித்து, பசையையும் துடைத்து, கொஞ்சம் டால்க் பவுடர் தூவிய பிறகே டியூப்பைப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஸ்டிக்கர் ஓரம் டியூப்பை அரைத்து அரைத்து ஓட்டையாக்கிவிடும். எனக்கு அப்படித்தான் மூன்று மாதத்தில் இரண்டு தடவை பஞ்சர் ஆனது. ஆணியைத் தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை பஞ்சர் போடும் பாய் டியூப்பை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார், ஓட்டையைச் சுற்றிச் சதுரமாக ஒரு தடம். ஸ்டிக்கரின் தடம்.

ரேடியலின் பக்கச்சுவர் இயல்பாகவே கொஞ்சம் பிதுங்கி நிற்கும். பெட்ரோல் பங்கில் "சார், காத்து கம்மியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பார்வையை நம்பி ஏற்றாதீர்கள், மீட்டரை வைத்துப் பாருங்கள்.

குடியாத்தம் தம்பிக்கு என் பதில் இதுதான்: 145/80 வாங்குங்கள், பழைய ரிம்மைத் தூக்கிப் போடாதீர்கள்.

## 155/80 ஆர்13

உயரக் கணக்கில் மூல டயரோடு சேர்ந்து நிற்பது இது. இரண்டு மி.மீ. வித்தியாசம், தேய்ந்தால் அதுவும் தெரியாது. முதலில் வந்த குவிட் கார்களுக்கு இந்த அளவு என்பதால் கடைகளில் உண்டு.

சிக்கல் ரிம்மில். இந்த அளவுக்கு நாலு இன்ச்சாவது வேண்டும். மூன்றரை இன்ச்சிலேயே மாட்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், வண்டி ஓடும். ஆனால் ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு இரண்டும் உள்பக்கம் நெருக்கப்படுவதால் நடுப்பகுதி உப்பும், நடு ரப்பர் முதலில் தேயும். வளைவில் பக்கச்சுவர் மடங்கி, ஸ்டியரிங் சொன்னதற்கு வண்டி ஒரு நொடி தாமதமாகத் திரும்புவது போல இருக்கும். அகலத்துக்குக் காசு கொடுத்து அகலத்தின் பலனை இழப்பதுதான் இது.

சரியாகச் செய்ய வேண்டுமானால் நாலரை இன்ச் ரிம் வேண்டும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயரின் பிற்கால மாடல்களுக்கு 13 இன்ச், நாலரை இன்ச் அகல இரும்பு ரிம் வந்தது. அந்த வண்டி ஹெரால்டின் சேசிஸ் குடும்பத்தில் பிறந்தது, நட்டுத் துளைகளின் வட்டமும் ஒன்றே. இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். ரிம் விலையோடு கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்ந்து டயர் விலையைத் தாண்டிவிடும். ஐந்து ரிம் வாங்க வேண்டும், நாலு இல்லை. ஸ்டெப்னி வேறு உயரத்தில் இருந்தால் பின்சக்கரத்தில் மாட்டி ஓட்டும்போது டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும்.

ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்வது இதுதான். மாதம் நாலு தடவை கிருஷ்ணகிரி மார்க்கத்தில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறீர்கள், இன்ஜின் சத்தம் குறைவதும் நேராகப் போவதும் உங்களுக்குப் பெரிய விஷயம். ரிம்முக்குச் செலவு செய்ய முடியுமானால் நாலரை இன்ச்சும் 155-ம். முடியாதென்றால் 145-லேயே நில்லுங்கள். நடுவழியான 155-ஐ மூன்றரை இன்ச்சில் போடுவதை நான் சொல்ல மாட்டேன்.

## 175/70 ஆர்13, அகலப்படுத்திய ரிம்மில்

இதைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் இது நடந்தது.

அப்பா இருந்தபோது எங்கள் வண்டியின் ரிம்களை ஒரு பட்டறையில் கொடுத்து, நடுவில் வெட்டி, பட்டை வைத்து வெல்டிங் செய்து ஐந்தரை இன்ச் ஆக்கினோம். பட்டையை வெளிப்பக்கம் மட்டும் வைத்திருந்தார்கள். அப்போது எங்களுக்கு அது தெரியவில்லை. வண்டி நிற்கும் அழகே அழகு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் முழு ஒடிப்பில் சர்ர்ரென்று சத்தம். கல் சிக்கியிருக்கும் என்று அப்பா இறங்கிப் பார்த்தார், ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தோம். ஹெரால்டில் பானெட், மட்கார்டு எல்லாம் ஒன்றாக முன்னே சாயும், சக்கரம் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். ஒடித்துப் பார்த்தபோது சேசிஸின் ஓரத்தில் பிறை வடிவத்தில் பெயின்ட் போய் இரும்பு மின்னியது. டயரின் உள்பக்கச் சுவரில் விரலை ஓட்டினால் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கோடு, சுற்றிலும்.

அதன் பிறகு ஒடிப்பைக் குறைக்க ஸ்டாப்பரை மாற்றினோம். உரசல் நின்றது, 25 அடி வட்டமும் போயிற்று. ஒரே வருஷத்தில் முன் பேரிங் இரண்டும் ஆட்டம் கண்டன. சக்கரத்தின் நடுக்கோடு பேரிங்குக்கு நேராக இல்லாமல் வெளியே போய்விட்டதால், ஒவ்வொரு குழியும் கடப்பாரையால் நெம்புவதுபோல அந்தச் சின்ன பேரிங்கை நெம்பியிருக்கிறது.

பின்பக்கம் இன்னும் மோசம். சக்கரம் சாயும் வண்டியில் தட்டையான, அகலமான டயர் போட்டால், பின்சீட்டில் ஆள் உட்கார்ந்ததும் டயரின் உள்விளிம்பு மட்டும் ரோட்டைத் தொடும். வெளிப்பக்கம் புதுசாக இருக்க, உள்பக்கம் வழுக்கையாகிவிட்டது. அதைவிட, வளைவில் டயர் கெட்டியாகப் பிடிக்கும்போது அந்தப் பிடிப்பே வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கும். தூக்கியதும் வெளிச்சக்கரத்தின் கால் உள்பக்கம் மடங்கும், பிடி திடீரென்று போய்விடும். இறக்கத்தில், வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு பிரேக்கை மிதித்தால் இது நடக்கும். பழைய நைலான் டயர் அந்த அளவுக்குப் பிடிப்பதற்கு முன்பே மெல்ல வழுக்கிவிடும். அகல ரேடியல் கடைசிவரை பிடித்திருந்துவிட்டு ஒரேயடியாக விடும். அப்பா ஒரு தடவை இறங்கும்போது பின்பக்கம் சுழன்று, சுவரை ஒரு முழம் விட்டு நின்றது. அம்மா அதற்குப் பிறகு அந்த வண்டியில் மலைக்கு வரவில்லை.

இந்த அளவு எவருக்கும் சரியாகுமா? பின் ஆக்சிலில் வேலை செய்து, மூலப் பட்டை ஸ்பிரிங்கைப் புதிதாக அடித்து உயரம் சரிசெய்து, ஆஃப்செட் சரியாக உள்ள வார்ப்பு ரிம் போட்டு, பந்தயத் திடலில் ஓட்டுபவருக்கு ஆகலாம். வெல்டிங் வைத்த ரிம்மில் யாருக்கும் வேண்டாம்.

## 14 இன்ச் அலாய்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஹெரால்டின் நாலு ஸ்டட்டும் (சக்கர நட்டு ஏறும் மரைக்கம்பிகள்) 95.25 மி.மீ. வட்டத்தில் நிற்கின்றன, இங்கிலீஷ் கணக்கில் மூன்றே முக்கால் இன்ச். இங்கே கடைகளில் குவிந்து கிடக்கும் அலாய்கள் 100 அல்லது 114.3. கிட்டத்தட்ட ஐந்து மி.மீ. வித்தியாசத்தில், துளையைச் சீவி, நட்டை இறுக்கி மாட்டிவிடுவார்கள். மாட்டியதும் உட்கார்ந்துவிட்டதுபோலத் தெரியும். நட்டின் கூம்பு முழுதாக உட்கார்ந்திருக்காது. ஓட ஓட நட்டு தளரும், ஸ்டட் வளையும்.

நீங்களே அளந்து பார்க்கலாம். சக்கரத்தைக் கழற்றி, ஒரு ஸ்டட்டின் வெளியோரத்திலிருந்து எதிர் ஸ்டட்டின் உள்ளோரம் வரை வெர்னியர் வைத்துப் பாருங்கள். வருவதுதான் வட்டத்தின் அளவு. அதே எண் ரிம்மில் இல்லையென்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இடையில் அடாப்டர் தட்டு வைக்கலாம் என்பார்கள். அந்தத் தட்டின் தடிமன் அளவுக்குச் சக்கரம் வெளியே போகும், மேலே சொன்ன பேரிங் கதைதான் திரும்பவும் நடக்கும்.

பக்கச்சுவர் குறைந்த டயரில் நம் ரோட்டுக் குழி நேராக ரிம்முக்கும் முதுகுக்கும் வரும். அலாய் வெடித்தால் தட்டி நிமிர்த்த முடியாது, இரும்பு ரிம் என்றால் எந்தப் பட்டறையிலும் தட்டிக்கொள்ளலாம்.

## எதை எடுத்தாலும் செய்ய வேண்டியவை

பழைய ரிம்மை வைத்துக்கொள்பவர்கள் பெயின்ட்டை முழுக்க உரித்துவிட்டு, ஸ்டட் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியல் பிடிப்பு கூடியது, பலவீனமான ரிம்மை அது சும்மா விடாது. வெடிப்பைக் கண்டால் வெல்டிங் வேண்டாம், அந்த ரிம்மை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு ரேடியல், இரண்டு நைலான் என்று கலக்க நேர்ந்தால் ரேடியல் இரண்டும் பின்னால்தான் இருக்க வேண்டும். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று ஒரு நாளும் கூடாது. ஸ்டெப்னியிலும் இதே விதி.

காற்று. இந்த வண்டிக்குப் பின்சக்கரத்தில் முன்னதைவிட அதிகம் இருக்க வேண்டும், நாலிலும் ஒரே அளவு போடக் கூடாது. பங்கில் பையன் கேட்காமலே நாலுக்கும் 30 ஏற்றிவிடுவான், பக்கத்தில் நில்லுங்கள். என் 145-ல் முன்னே 22, பின்னே 26 பவுண்டு. ஆள் நிறைய ஏறினால் பின்னே இன்னும் இரண்டு. காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்த அளவுதான் கணக்கு. ஏப்ரல், மே மாதத்தில் ஆம்பூரிலிருந்து வந்து நின்றதும் அளந்தால் மூன்று நாலு கூடக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றைக் குறைத்தால் மறுநாள் காலையில் டயர் தொங்கும்.

டிரனியனுக்கு ஆயில் விட்டு எத்தனை நாளாயிற்று என்று தெரியாவிட்டால் டயர் வாங்கும் முன் அதைச் செய்யுங்கள். கிரீஸ் கன்னிலேயே 90 நம்பர் ஆயிலை நிரப்பி அடிக்கலாம், புது ஆயில் ஓரத்தில் கசிந்து வரும்வரை.

கடைசியாக ஸ்டட். ஹெரால்டின் ஸ்டட் எட்டில் மூன்று பங்கு, அதாவது 3/8 இன்ச், யுஎன்எஃப் என்ற இன்ச் கணக்கு மரை. ஒரு நட்டு தொலைந்தால் கடையில் மில்லிமீட்டர் நட்டு எடுத்துக் கொடுப்பார்கள், இரண்டு சுற்று ஏறவும் ஏறும். ஏறுகிறதே என்று ஸ்பேனரை அழுத்தினால் மரை போய்விடும். அதே மரையில் கூம்புள்ள நட்டு நாலைந்து வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். புது டயர் மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும், வண்டி ஆறிய பிறகு, பதினாறு நட்டையும் கைஸ்பேனரால் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் இரண்டு நட்டு அரைச் சுற்று ஏறின.